ஜப்பான் டப்பாவும் வெள்ளைக்காரன் டப்பாவும்

டிவி விளையாட்டு என்றால் கடைக்குப் போய், காசு கொடுத்து, அடுத்தவன் எழுந்திருக்கும்வரை காத்திருந்து ஆடியவர்கள் நாம். நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன். புரியாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. வீட்டில்கூட நான் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு குறைவாகப் பேசுகிறவள்.

அந்த விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. சுடுவதும் கார் ஓட்டுவதும் அதில் முக்கியம் இல்லை. ஓர் ஆளாக நாம் உள்ளே போகிறோம். ஊர் ஊராக நடக்கிறோம். எதிரில் வருகிறவர்களோடு பேசுகிறோம், சண்டை போட்டுப் பலம் சேர்க்கிறோம், கடைசியில் ஒரு பெரிய காரியத்தை முடிக்கிறோம். முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இந்த வகையை உலகம் முழுவதும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று ஜப்பான் முறை, இன்னொன்று மேற்கத்திய முறை. எது எதில் சேரும் என்று இன்றைக்கும் பையன்கள் போனில் சண்டை போடுகிறார்கள்.

அந்தப் பிரிவினை எங்கள் வீட்டு முன் அறையில் இரண்டு தகர டப்பாக்களில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஓர் உயிர் அதை நம்பி இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பென்னாகரத்தில் ஒகேனக்கல் போகும் ரோட்டின் மேலேயே எங்கள் வீடு. அப்பா லாரியில் போய்விடுவார். அம்மாவும் நானும் சித்தப்பாவும்தான் வீட்டில். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதுவரை கடலைக்காய் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த முன் அறையைக் காலி செய்து, ஒரு டிவியும் அதற்கு ஒரு விளையாட்டுப் பெட்டியும், பெங்களூரில் பழசாக வாங்கிய ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக் கடை ஆரம்பித்தார். ஜன்னலில் வெளிச்சம் வராமல் இருக்க யூரியா சாக்கைப் பிரித்து ஆணி அடித்தார். மூட்டைகள் போனாலும் கடலைத்தோல் வாசனை போகவில்லை. அதோடு சூடான டிவியின் வாசனையும் பள்ளிக்கூடத்துப் பையன்களின் வேர்வை வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் புழுங்கும் அறை எதற்குள் போனாலும் அது எனக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் டூரிஸ்ட் பஸ்கள் எங்கள் வாசலில் ஊர்ந்து போகும். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஆட்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். சிலர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்து ஒரு ஆட்டம் போடுவதும் உண்டு.

அந்தக் கடைக்குப் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். நான் அந்த வீட்டுப் பெண் என்பதால் உள்ளே இருந்தேன். ஆறாம் வகுப்பு. யாரும் ஆடாத நேரத்தில் ஆடுவேன். யாராவது வந்தால் எழுந்துவிடுவேன்.

அந்த வருஷம்தான் பெரியப்பா மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தான். பெரியப்பாவுக்கு நிலம் பாப்பாரப்பட்டிப் பக்கம். அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனால் படிப்பு கெடும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு எங்களோடு விட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வருவான். நான் அவனை அண்ணா என்பேன். அவன் என்னைப் பாப்பா என்பான். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத எனக்கு அதற்கு முன்னால் யாரும் அப்படித் தனியாக ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டதில்லை.

டிவிப் பெட்டியில் ஓடியவை எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒரு எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. மற்ற பையன்கள் பேச்சு வந்தால் பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டுச் சண்டைக்குப் போவார்கள். அண்ணன் தள்ள மாட்டான். பெரிய கண்ணும் முள்முள்ளாக முடியும் வைத்த பொம்மைகள் எதிரெதிராக நின்று வாயசைக்கும்போது இவன் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவான்.

“ஏங்க ராசா, உங்க பொண்ண அரக்கன் தூக்கிட்டுப் போனப்ப நீங்க என்னா பண்ணிட்டு இருந்தீங்க?”

“மோட்டார் போடப் போயிருந்தன்பா. மூணு பேஸ் கரண்ட் அப்பதான் வந்துச்சு.”

கடையே சிரிக்கும். காசு கொடுத்து ஆட வந்தவன்கூடத் தன் ஆட்டத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். சித்தப்பா மட்டும் வெளியிலிருந்து, “டேய் கண்ணு, இவனுங்க ஆடாம உன் கதையைக் கேட்டுட்டு இருந்தா நான் எப்பிடிடா கரண்ட் பில்லு கட்டறது?” என்று சத்தம் போடுவார். பிறகு அவரும் வந்து நிலைக்கதவில் சாய்ந்து நிற்பார்.

கம்ப்யூட்டரில் ஓடியவை வேறு மாதிரி. எழுத்து இங்கிலீஷ். அதில் நம் ஆளை நாமே செய்ய வேண்டும். ஆணா பெண்ணா, என்ன ஜாதி, என்ன தொழில், மூக்கு எப்படி, பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்று எல்லாம் கேட்கும். அண்ணன் அதிலேயே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவான். புத்தியைக் கூட்டினால் பலம் குறையும், பலத்தைக் கூட்டினால் பேச்சுத் திறமை குறையும். மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பான்.

“ஆளையே செஞ்சு முடிக்கல, அதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு பாரு,” என்பார் சித்தப்பா.

“ஒழுங்கா செஞ்சாதான சித்தப்பா ஒழுங்கா இருப்பான்?”

ஆனால் அவனுக்குப் பிடித்தது ஜப்பான்தான். காரணம் கேட்டேன். “அதுல நம்ம பின்னாடி மூணு பேரு வராங்க பாப்பா. எங்க திரும்புனாலும் வராங்க. இதுல ஊரு பெருசா இருக்குது, எங்க வேணாலும் போலாம். ஆனா தனியா போவணும்,” என்றான்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். அவன் ஜப்பான் ஆட்டத்தில் ஒரு பெரிய சண்டைக்கு வந்துவிட்டான். அவன் ஆள் மந்திரம் போட, வானத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. திரை முழுக்க வெள்ளையும் நீலமுமாக வெட்டி வெட்டி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். கை ரெண்டும் இழுத்துக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை.

ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடிவிட்டார்கள். அம்மா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவன் கைக்குள் திணித்தாள். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று. சித்தப்பா அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். டிவியை யாரும் அணைக்கவில்லை. சண்டையில் அவன் ஜெயித்திருந்தான் போலிருக்கிறது. ஜெயித்ததற்கான பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. கண் திறந்தான். டிராயர் நனைந்திருந்ததைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “பாப்பாவ வெளிய போவச் சொல்லுங்க,” என்றான். அதுதான் முதல் பேச்சு.

பெரியப்பாவும் சித்தப்பாவும் அவனைத் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று சித்தப்பா அன்றைக்கு அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். தினமும் மாத்திரை போட வேண்டும். வருஷக்கணக்கில் போட வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. தண்ணீர்ப் பக்கம், நெருப்புப் பக்கம் தனியாக விடக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் டிவி விளையாட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

டாக்டர் சொன்னதில் மற்றதெல்லாம் மெல்ல மெல்லத் தேய்ந்து போனது. எங்கள் குடும்பத்தில் நிலைத்து நின்றது கடைசியில் சொன்னது மட்டும்தான். அது எல்லோருக்கும் ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. பெரியப்பா வீட்டில் பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். வலிப்பு என்ற பேச்சு வெளியே போனால் அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். டிவியைப் பார்த்து மயக்கம் போட்டான் என்றால் அது வேறு. அது பையனிடம் இருக்கும் கோளாறு இல்லை, எங்கேயோ ஜப்பானில் எவனோ செய்த கோளாறு.

“இந்த ஜப்பான்காரன் சனியனத்தான் முதல்ல நிறுத்தணும்,” என்று பெரியப்பா எங்கள் வாசலில் நின்று சொன்னார். வீட்டுக்குள்ளேகூட வியாதியின் பேரைச் சொல்வதை விட்டுவிட்டார்கள். பெரியம்மா வரும்போதெல்லாம் அம்மாவைத் தனியே இழுத்து, “திரும்ப ஜப்பான் ஒண்ணும் வரலயே?” என்று கேட்பாள். அக்கம்பக்கத்தில் கேட்டாலும் யாருக்கும் விளங்காது.

விளையாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அண்ணன் அழுதான். அவன் அழுதால் சித்தப்பாவால் தாங்க முடியாது. அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சம் அடிப்பதெல்லாம் ஜப்பான் ஆட்டத்தில். வெள்ளைக்காரன் ஆட்டத்தில் ஆள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறான், காடும் மலையும் வருகிறது, ஒரு வெளிச்சமும் இல்லை. ஆகவே ஜப்பான் கூடாது, வெள்ளைக்காரன் பரவாயில்லை. பெரியப்பாவும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

மறுநாளே சித்தப்பா எல்லா சிடிகளையும் தரையில் பரப்பினார். ஒரு முறுக்கு டப்பா, ஒரு பிஸ்கட் டப்பா. மாட்டுக் கொம்புக்கு அடித்து மிச்சம் இருந்த சிவப்புப் பெயிண்டில் தீக்குச்சியைத் தொட்டு, ஜப்பான் சிடி ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்து முறுக்கு டப்பாவில் போட்டார். மற்றதெல்லாம் பிஸ்கட் டப்பாவில். எழுத்தைப் பார்த்துத்தான் பிரித்தார். கோடுகோடாக இருந்தால் ஜப்பான். ஏபிசிடி இருந்தால் வெள்ளைக்காரன். நான்தான் சிடிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நோயாளிக்குப் பத்தியம் பார்ப்பதுபோல அவ்வளவு கவனமாகச் செய்தார்.

சிடிக்காரர் ஒருவர் வருவார். பெங்களூரிலிருந்து சிடிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூர், தர்மபுரி, எங்கள் ஊர் என்று கடை கடையாகக் கொடுப்பவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எல்லோரையும் குரு என்பார். அவர் டப்பாக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்ன குரு இது, ரேஷன் கடையா? இந்தா, இது ஜப்பான்காரன் செஞ்சது. இங்கிலீஷ்ல மாத்தி இருக்கான், அவ்ளோதான். இதக் கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருக்கீங்க.”

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. “அப்ப எப்பிடிங்க கண்டுபிடிக்கறது?”

“எந்த ஊருல செஞ்சான்னு பாக்கக் கூடாது. எப்பிடி ஓடுதுன்னு பாக்கணும். ஜப்பான்ல ஆளு ரெடியா இருப்பான். அவனுக்குப் பேரு இருக்கும், அவங்கம்மா யாருன்னு தெரியும், அவன் கதையில நீங்க கூடப் போவீங்க. வெள்ளைக்காரன்ல ஆளே கிடையாது. நீங்கதான் ஆளு. செஞ்சுக்கணும். நல்லவனா இருக்கறதும் கெட்டவனா இருக்கறதும் உங்க இஷ்டம்.”

“எனக்கு அதெல்லாம் வாணாங்க. வெளிச்சம் எதுல அடிக்கும்? அத மட்டும் சொல்லுங்க.”

சிடிக்காரருக்கு விஷயம் தெரியாது. “அது ரெண்டுலயுந்தான் அடிக்கும் குரு. ஆட்டம்னா வெளிச்சம் இல்லாமயா?” என்றார்.

 அவர் போன பிறகு சித்தப்பா எல்லா சிடிகளையும் மறுபடி கொட்டினார். இந்த முறை ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, பேரோடு ஆள் ரெடியாக இருந்தால் அதற்குப் பொட்டு வைத்தார். வெளிச்சம் ரெண்டிலும் அடிக்கும் என்று சிடிக்காரர் சொன்னதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் டப்பாக்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

அண்ணனுக்குத் திரும்ப வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. வெள்ளைக்காரன் ஆட்டம் மட்டும் ஆடினான். டப்பா பலித்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். அந்த மாதங்களில் அவன் ஒருநாள் தவறாமல் மாத்திரை போட்டான் என்பது யார் மனதிலும் பதியவில்லை.

மாத்திரை வேறு ஒரு காரியத்தையும் செய்தது. அவன் தூங்கி வழிந்தான். வகுப்பில் தலை தொங்கியது. கணக்கு வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்தார். அரையாண்டுப் பரீட்சையில் மூன்று பாடத்தில் பெயில். விளையாட்டில் பொம்மைகள் பேசும்போது பட்டனைத் தட்டித் தள்ளிவிட ஆரம்பித்தான். “என்னா பேசறாங்கண்ணா?” என்று கேட்டேன். “ஒண்ணும் பேசல,” என்றான்.

தை மாதம் சிடிக்காரர் ஒரு புது சிடி கொடுத்தார். கம்ப்யூட்டர் ஆட்டம், இங்கிலீஷ். ஒரு படகோட்டிதான் கதாநாயகன். அவன் பின்னாலேயே ஒரு ஊமைப் பெண்ணும் ஒரு கரடிக் குட்டியும் நடந்து வரும். அதைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “பாப்பா, இதுல கூட வராங்க!”

“இது எந்தப் பக்கங்க?” என்றார் சித்தப்பா.

சிடிக்காரர் தலையைச் சொறிந்தார். “செஞ்சது அமெரிக்காக்காரன். ஆனா ஜப்பான் மாதிரியே செஞ்சு வெச்சிருக்கான் குரு.”

சித்தப்பா சிடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொட்டு வைக்காமல் பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் மாத்திரையை நிறுத்தினார்கள். பொங்கல் லீவுக்குப் போனவனைப் பார்த்துப் பெரியம்மா, “பையன் பித்துப் புடிச்ச மாதிரி இருக்கறான், இந்த மாத்திரதான் அவன இப்பிடி ஆக்குது,” என்றாளாம். பெரியப்பா, “அதான் ஜப்பான நிறுத்தியாச்சே, அப்பறம் எதுக்கு மாத்திர?” என்றாராம். பக்கத்து மருந்துக்கடையில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தர்மபுரிக்குப் போய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். பெண் பார்க்க வரும் நேரத்தில் அந்த அட்டை யார் கண்ணிலாவது படுமோ என்றும் பயம். எங்களிடம் அவர்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் போட வேண்டிய மாத்திரையை அண்ணனே வைத்திருந்தான். போட்டுக்கொண்டேன் என்று அவன் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வாள்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் தெளிந்துவிட்டான் என்பதுதான். மறுபடியும் பேச ஆரம்பித்தான். ஊமைப் பெண்ணுக்கு என்ன பேச்சு என்று நான் கேட்டதற்கு, “அவ உன்ன மாதிரி. மனசுக்குள்ளயே பேசிக்குவா. எனக்கு மட்டும் கேக்கும்,” என்று சொல்லி, அவளுக்கும் ஒரு குரல் வைத்தான். கரடிக்குட்டிக்குக் கணக்கு வாத்தியார் குரல். வாசலில் காத்திருந்த பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்தப்பா உள்ளே வந்து எல்லோருக்கும் வேர்க்கடலை கொடுத்தார். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல நாட்கள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை முழுக்க அந்த ஆட்டம் ஆடினான். மதியம் பஸ் ஏறி ஊருக்குப் போனான். மறுநாள் பட்டப்பகலில், கிணற்று மேட்டில் மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர் வருகிறதா என்று படியில் இறங்கிப் பார்த்திருக்கிறான். பெரியப்பா வரப்பில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். நன்றாக நீச்சல் தெரிந்த பையன். அவன் நீந்தவே முயற்சி செய்யவில்லை என்றார்கள்.

அந்த வீட்டில் நான் பார்த்தவற்றை எழுதப் போவதில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும்.

காரியம் முடிந்து சில நாளில் பெரியப்பா எங்கள் கடைக்கு வந்தார். “எதடா போட்டுக் காட்டுன என் பையனுக்கு?” என்றார். சித்தப்பா பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்த சிடியை எடுத்துக் கொடுத்தார்.

“இது எந்த ஊருது?”

“வெள்ளைக்காரந்துதான் அண்ணா. ஆனா ஜப்பான் மாதிரி…”

அதற்கு மேல் சொல்ல விடவில்லை. சிடியை ரெண்டாக உடைத்தார். மண்வெட்டிக் காம்பால் டிவியை உடைத்தார், கம்ப்யூட்டரை உடைத்தார். டப்பாக்கள் ரோட்டில் போய் விழுந்தன. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அண்ணன் ஜப்பான் ஆட்டத்தில் போன தூரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்த சின்ன மெமரி கார்டும் அதில் எங்கோ போய்விட்டது. அவன் குரல் அதில் இல்லை, அவன் நின்ற இடம் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அதைத்தான் நான் பல நாள் சாக்கடையோரம் தேடினேன்.

அதன் பிறகு பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசவில்லை. பெரியப்பா சாகும்வரை பேசவில்லை. பெரியம்மா இருக்கிறாள், இன்றைக்கும் அந்தக் கிணற்று மேட்டு வீட்டில். சித்தப்பா பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கிழித்து, கல்யாணம் செய்து, ஓய்வும் பெற்றுவிட்டார். எந்தக் கடையில் டிவி ஓடினாலும் எதிர் வரிசையில் நடந்து போவார். அந்த சிடியைத் தானே தப்பான டப்பாவில் போட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணினோம்.

எனக்கு உண்மை தெரிந்தது போன வருஷம். நான் கல்யாணமாகி வந்த கடத்தூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு இதே வியாதி. கூட ஆள் இல்லை என்று நான் தர்மபுரிக்குத் துணைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வெளிச்சம் பட்டு வருவது சிலருக்குத்தான். அப்படி வருவதும் பார்க்கும்போதே வரும், நேற்றுப் பார்த்ததற்கு இன்றைக்கு வராது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.  பெரியம்மா மாத்திரையை நிறுத்தியது எப்போதோ பேச்சுவாக்கில் என் அம்மா சொல்லித் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

சித்தப்பாவிடம் சொல்லலாமா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். சொன்னால் அவர்மேல் இருக்கும் பாரம் இறங்கும். ஆனால் அது இறங்கிப் போய் உட்காருவது பெரியம்மா தலையில். கடைசியில், இந்தப் பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

“தெரியும்மா,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“காரியத்தன்னிக்கே உங்க பெரியம்மா சொன்னாங்க. மாத்திர அட்ட மாடத்துல அப்பிடியே இருந்துச்சு, காமிச்சாங்க. எங்கண்ணனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்தாரு. அவருக்கு எதையாவது ஒடைக்கணும். என் டிவி இருந்துச்சு.”

“அப்ப ஏன் சித்தப்பா ஒண்ணும் சொல்லல?”

“சொல்லி? பெத்தவங்ககிட்ட போயி, நீங்கதான்னு சொல்லச் சொல்றியா? எனக்குப் போனது ஒரு கடைதான்.” கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆனா, அந்த சிடியும் ஒரு காரணமா இருந்திருக்காதுன்னு யாரு கண்டா?” என்றார்.

“டாக்டரம்மா சொன்னாங்க…”

“டாக்டர் சொல்றது புரியுது. நான் போட்டுப் பாக்காமயே அவங்கிட்ட குடுத்துட்டன் பாப்பா. மத்த எல்லாத்தையும் போட்டுப் பாத்தன். அத மட்டும் பாக்கல. அவன் மூஞ்சியப் பாத்துட்டு டப்பாவுல போட்டுட்டன்.”

என் மகன் பக்கத்து அறையிலிருந்து வந்தான். கோயமுத்தூரில் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். அவனுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. சித்தப்பா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, படகோட்டி, ஊமைப் பெண், கரடிக்குட்டி என்று அடையாளம் சொன்னார். அவன் போனில் கொஞ்ச நேரம் தேடினான்.

“இதுவா தாத்தா? இது ரொம்பப் பழசு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“இது ஜப்பானா, வெள்ளைக்காரனா கண்ணு?”

“அதப் பத்தி இன்னும் சண்ட போட்டுட்டுதான் இருக்காங்க தாத்தா. அமெரிக்காவுல செஞ்சது, ஜப்பான் பாணி. சில பேரு இதையும் ஜப்பான் முறைன்னே சொல்றாங்க. சில பேரு ஊர வெச்சுதான் சொல்லணுங்கறாங்க. ஜப்பான்லயே அந்தப் பேரு புடிக்காதவங்க இருக்காங்க. அப்பிடி ரெண்டாப் பிரிக்கறதே தப்பு தாத்தா.”

“ஆட்டத்தப் பாக்க முடியுமா?”

“யாராவது ஆடி வீடியோ போட்டிருப்பாங்க. இருங்க… இந்தா, இருக்குது.”

சித்தப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, என் மகனின் தோளில் கை வைத்து மெதுவாகத் தள்ளினார்.

“நீ பாக்காத. அந்தப் பக்கம் திரும்பிக்க,” என்றார்.

ஏன் என்று என் மகன் என்னைப் பார்த்தான். திரும்பிக்கொள் என்று தலையசைத்தேன். அவன் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அவர் அதைத் தொட்டு ஓடவிட்டார்.